அப்பனாக உட்கார்ந்தவள்

'எதிர்க்கட்சி' என்ற பட்டத்தை அவளுக்குக் கொடுத்தவர் அவளுடைய அண்ணன். தூங்கச் சொன்னால், "ஏன், உங்களுக்குத் தூக்கம் வருதா?" என்று திருப்பிக் கேட்கிற குழந்தைக்கு வேறு என்ன பட்டம் கொடுப்பது? கல்யாணமாகிப் போன இடத்துக்கும் அந்தப் பட்டம் பின்னாலேயே வந்துவிட்டது. இப்போது அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். அங்கே சூப்பர்வைசர்கூடப் புதிதாக ஏதாவது சட்டம் போடுவதென்றால், "எதிர்க்கட்சி என்ன சொல்லுது?" என்று கேட்டுவிட்டுத்தான் போடுவார். கேட்காமல் போட்டால் என்ன ஆகும் என்று அவர் ஒரு தடவை பார்த்துவிட்டார்.

இப்படிப்பட்டவள் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் மறுபேச்சுப் பேசாமல் தலையாட்டினாள். அந்த ஒரு தலையாட்டலில் அவள் படிப்பு போனது.

அம்மா முன்பே போய்விட்டாள். அப்பாவும் போனபோது அவள் சின்னப் பெண். மீசை அரும்பிய வயதில் இருந்த அண்ணன் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு ஒரு டயர் கடையில் பஞ்சர் ஒட்டப் போனார். தங்கையின் ஃபீஸ், தங்கையின் செருப்பு, தங்கையின் பல்வலி எல்லாவற்றையும் அந்தக் கறுத்த கைகள்தான் பார்த்துக்கொண்டன. இதை அவளே சொல்வாள். யாராவது அண்ணனைக் குறைசொன்னால் சண்டைக்கும் போவாள். பிறகு அண்ணனுக்குச் சொந்தக் கடை வந்தது, அண்ணி வந்தாள், அவள் பள்ளியின் கடைசி வருஷத்தில் இருக்கும்போது இரட்டை ஆண்பிள்ளைகள் வந்தார்கள். பிரசவத்தில் அண்ணி படுத்த படுக்கையாகிவிட்டாள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே அண்ணன் சொன்னார்: "ஆறு மாசம் வீட்ல இருந்து பாத்துக்க. அப்புறம் போய்க்கலாம்."

சரிண்ணே என்றாள். இத்தனை செய்த மனுஷனிடம் வேறு என்ன சொல்வது? ஆறு மாதம் என்பது பிள்ளைகள் தவழ்ந்து, நடந்து, பள்ளிக்கூடம் போய், இவளுக்கும் கல்யாணம் முடிந்து, இவள் மகளும் வளர்ந்து வேறு ஊரில் நர்ஸிங் சேர்கிற வரைக்கும் நீண்டது. அண்ணன் அதைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை. மறந்துவிட்டார் என்றுகூடச் சொல்ல முடியாது. மறப்பதற்கு, அது அவர் மனதில் ஒரு விஷயமாக முதலில் ஏறியிருக்க வேண்டுமே.

பாதியில் விட்டவர்கள் எந்த வயதிலும் வந்து, படிக்கிற பிள்ளைகளோடு உட்கார்ந்து முடிக்கலாம் என்று அரசாங்கப் பள்ளியில் ஏற்பாடு வந்திருப்பதை உடன் வேலை செய்கிறவள் ஒருத்தி சொன்னாள். மறுநாளே ஷிஃப்ட் முடிந்து, சோப்பு வாசனை போகாத கையோடு பள்ளி அலுவலகத்தில் போய் நின்றாள்.

"பொண்ணுக்கா, பையனுக்கா?" என்றார் கிளார்க், தலையைத் தூக்காமல்.

"எனக்குத்தான்."

கிளார்க் தலையைத் தூக்கினார். அவள் முகத்தைப் பார்த்ததும், கேட்க நினைத்த அடுத்த கேள்வியை அவர் விழுங்கிவிட்டார்.

எதற்குப் படிக்கிறாய் என்று எல்லோரும் கேட்டார்கள். பதவி உயர்வா, சம்பளமா, மகளுக்குப் போட்டியா? முடிக்கணும், அவ்வளவுதான் என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்தது. இடுப்புவரை பின்னிய ஸ்வெட்டரைப் பார்த்து யாரும் ஏன் முடிக்கிறாய் என்று கேட்பதில்லை. மனுஷி படிப்பை முடிப்பதற்கு மட்டும் காரணம் காட்ட வேண்டுமாம்.

மொழி, கணக்கு, அறிவியல் என்று ஒவ்வொன்றாகத் தாண்டிவிட்டாள். ஒரே ஒரு விருப்பப் பாடம் பாக்கி. அவளுடைய காலை ஷிஃப்ட் முடிந்து ஓடிவந்து சேர்கிற நேரத்தில் இரண்டே வகுப்புகள்தான் இருந்தன: ஒன்று கணக்குப்பதிவியல், இன்னொன்று உலகத் தொன்மங்கள். பிள்ளைகள் அதைப் புராண கிளாஸ் என்பார்கள்.

"சாமிக் கதையா?" என்றார் அவள் கணவர். லிஃப்ட் மெக்கானிக். எதையும் அவிழ்த்துப் பார்க்காமல் நம்பாதவர். "அதுக்கு எதுக்குப் பள்ளிக்கூடம்? சும்மாவே ஊர்ல ஆயிரம் பேர் சொல்றாங்களே."

"சும்மா சொல்றவங்க கேள்வி கேட்டா கோவிச்சுக்கிறாங்க. இங்க கேட்டா மார்க்காம்."

"அப்ப உனக்குன்னே செஞ்ச பாடம்தான்" என்று அவர் ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வகுப்பு மாடியில் மூலை அறை. பெஞ்சு அவளுக்குத் தாழ்வு, முழங்கால் இடித்தது. பிள்ளைகள் முதலில் ஆன்ட்டி என்று எழுந்து நின்றார்கள். ஒரு வாரத்தில் அது போய், "ஆன்ட்டி, தள்ளி உக்காருங்க" என்றானது. அவளுக்கு அதுதான் பிடித்திருந்தது. ஆசிரியருக்கு எப்போதும் ஜலதோஷம், தும்மல் சார் என்று பெயர். அவளைவிட நாலைந்து வயது சின்னவர் என்பதால் அவளை அக்கா என்பார், அக்கா என்று சொல்லிக்கொண்டே மார்க்கைக் குறைப்பார்.

அவர் கதை சொல்லி முடித்ததும் அவள் கை தூக்கிவிடுவாள். திறக்காதே என்று சொல்லிப் பெட்டியைக் கொடுத்தார்கள், அவள் திறந்துவிட்டாள், உலகத்தில் எல்லாக் கஷ்டமும் வந்தது என்று ஒரு கதை. "திறக்கக் கூடாதுன்னா எதுக்கு சார் குடுத்தாங்க? பத்திரமா வைக்க அவங்க வீட்ல இடமில்லையா?" செத்துப்போன மனைவியைப் பாதாளத்திலிருந்து அழைத்து வருகிறவன் திரும்பிப் பார்த்ததால் அவளை இழந்தான் என்று இன்னொன்று. "பின்னாடி வர்றவ சத்தமே காட்டலை. திரும்பிப் பாக்கலைன்னா அவன் என்ன சார் புருஷன்?" வகுப்பு சிரிக்கும். முன்பெஞ்சில் ஒரு பெண் மட்டும் சிரிக்காமல் திரும்பி, "ஆனா ஒத்துக்கிட்ட கண்டிஷன் கண்டிஷன்தானே ஆன்ட்டி?" என்று ஆரம்பிப்பாள். அந்தப் பெண்ணுக்கு வக்கீல் என்று பெயர். வக்கீலும் எதிர்க்கட்சியும் மோதிக்கொண்டால் தும்மல் சார் மேஜையில் சாய்ந்துகொண்டு மூக்கைத் துடைத்தபடி ரசிப்பார்.

அந்த வகுப்புக்கு ஒரு வழக்கம் இருந்தது. வருஷக் கடைசியில் கேள்வி நாற்காலி. யார் எந்தக் கதைமாந்தர் என்று சீட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும். அந்த ஆளாகவே நாற்காலியில் உட்கார வேண்டும். அறையில் இருக்கிற யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். 'நான்' என்றுதான் பதில் சொல்ல வேண்டும். தெரியாது என்று சொல்லலாம். கதையில் அப்படித்தான் இருக்கிறது என்று மட்டும் சொல்லக் கூடாது. நாற்காலியில் இருக்கும்போது ஒரு முறை நீ நீயாகப் பேசிவிட்டால் எழுந்துவிட வேண்டியதுதான், சைபர். நாற்காலியில் உட்காருவதற்கும், மற்றவர்கள் உட்காரும்போது கேள்வி கேட்பதற்கும் சேர்த்துப் பாடத்தின் பாதி மார்க்; மீதி எழுத்துப் பரீட்சைக்கு. வெளியிலிருந்து தேர்வாளர் வருவார். வருஷத்துக்கு ஒரே நாள். தவறினால் அடுத்த வருஷம்.

சீட்டுக் குலுக்கலுக்கு முந்தின வாரம் சார் ஒரு கதை சொன்னார். பனிக்கடல் ஓரத்து மக்கள் பல விதமாகச் சொல்லுகிற கதை, அதில் ஒரு விதம் இது. ஒரு பெண் மனுஷ வேஷம் போட்டு வந்த பறவைக்கு வாழ்க்கைப்பட்டு அவதிப்படுகிறாள். அவளுடைய அப்பன் படகை எடுத்துக்கொண்டு போய் அவளை மீட்டு வருகிறான். நடுக்கடலில் பறவைகள் புயலைக் கிளப்பிவிடுகின்றன. படகு கவிழப் பார்க்கிறது. அப்பன் மகளைத் தூக்கிக் கடலில் போடுகிறான். அவள் படகின் விளிம்பைப் பிடித்துக்கொள்கிறாள். அவன் அவள் விரல்களை வெட்டுகிறான். வெட்டிய விரல்களெல்லாம் கடல் விலங்குகளாகின்றன. அவள் கீழே போய்க் கடலடிக்கே ராணியாகிவிடுகிறாள். அவளுக்குக் கோபம் வந்தால் விலங்குகளை மேலே விடமாட்டாள், ஊர் பட்டினி கிடக்கும். அப்போது யாராவது கடலுக்கு அடியில் இறங்கிப் போய், சிக்குப் பிடித்த அவள் தலையைச் சீவிவிட வேண்டும். தானே சீவிக்கொள்ள அவளுக்கு விரல் இல்லை.

கதை முடிந்தபோது அவள் கை தூக்கவில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "ஒண்ணும் கேக்கலை, மேல சொல்லுங்க சார்" என்றாள்.

சீட்டுக் குலுக்கினார்கள். அந்த மகளின் சீட்டு தனக்கு வர வேண்டும் என்று அவள் மனதுக்குள் கேட்டுக்கொண்டாள். பிரித்துப் பார்த்தால் அப்பன்.

வகுப்பு முடிந்ததும் நேராக சாரிடம் போனாள். "இந்த ஆளுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்."

"வக்காலத்து வேண்டாம்கா. அவனா உக்காந்து கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க, போதும்."

"மகளைக் குடுங்க சார். பிச்சு உதறிடுறேன்."

"அது தெரிஞ்சுதான் குடுக்க மாட்டேங்கிறேன்" என்றார். பின்னாலேயே இரண்டு தும்மல் வந்தது.

எதிர்த்தாள், வாதாடினாள், முறைத்தாள். சீட்டு சீட்டுதான். சார் பார்க்கத்தான் நோஞ்சான். பிடிவாதத்தில் அவளுக்குச் சளைத்தவரில்லை.

சரி, உட்கார்ந்துதான் தொலைப்போம் என்று பழக ஆரம்பித்தாள். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு கணவரை எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்கச் சொன்னாள். "படகு எவ்ளோ பெரிசு?" என்று ஆரம்பித்தார் அவர். "சொந்தப் படகா, வாடகையா? எத்தனை பேர் ஏறலாம்னு எழுதியிருந்துச்சா?" இந்த மனுஷனுக்கு எல்லாமே லிஃப்ட்தான். சலவைப் பிரிவில், ஈரப் படுக்கைவிரிப்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து உருளை இஸ்திரி மெஷினுக்குள் விடும்போது, எதிரே நிற்கிறவளிடம் சொல்லிப் பார்த்தாள். மெஷின் சத்தத்தில் அவளுக்குப் பாதிதான் கேட்டது, அந்தப் பாதியே பிடிக்கவில்லை.

வகுப்பில் ஒத்திகை நடந்த அன்று வக்கீல் பெண் அவளை மாடிப்படியில் நிறுத்தினாள். "ஆன்ட்டி, கோவிச்சுக்காதீங்க. உங்க அப்பன் பொய்யா இருக்கான். பல்லைக் கடிச்சுக்கிட்டு, கண்ணை உருட்டிக்கிட்டு. அப்படிப்பட்டவன் பொண்ணைத் தேடி எதுக்குப் படகு எடுத்துட்டுப் போறான்?"

சுரீர் என்றது. ஏனென்றால் அந்தப் பெண் சொன்னது சரி. வேறு மாதிரி செய்து பார்த்தாள். அப்பன் அழுதான், காலில் விழுந்தான், மார்பில் அடித்துக்கொண்டான். அது இன்னும் பெரிய பொய்யாக இருந்தது.

தேர்வுக்கு நாலு நாள் இருக்கும்போது அண்ணன் ஃபோன் செய்தார். அண்ணி குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன். கம்பி வைக்கப்போகிறார்கள்.

"நீ நாளைக்கே கிளம்பி வந்துடு. பத்து நாள்தான்."

"பசங்க இருக்காங்களேண்ணே?"

"அவனுங்களுக்கு என்ன தெரியும்? வீடு போட்டது போட்டபடி கிடக்கு. சோறு வைக்க ஆளில்லை. நான் கடைக்குப் போவேனா, ஆஸ்பத்திரிக்குப் போவேனா? எனக்கு ஒண்ணுமே ஓடலை. நீ வந்தாத்தான் ஆகும்."

அண்ணன் குரல் நடுங்கியது. அண்ணனுக்குப் பயம் என்பதை அவள் அன்றுதான் முதல்முறையாகக் காதால் கேட்டாள். சின்ன வயதில் அவள் பார்த்த மலை போன்ற ஆளுக்குள், வீடு கொஞ்சம் ஆடினால் கைக்கு எட்டினதைப் பிடித்து வெளியே எறிகிற ஒரு பயந்த பையன் இருந்திருக்கிறான். அந்த ஆறு மாதப் பேச்சை எடுத்த அன்றும் இதே பையன்தான் பேசியிருப்பான். படகில் இருந்த அப்பன் யாரென்று ஒரு நொடியில் அவளுக்குப் புரிந்துவிட்டது. மனசு கனத்தது. கோபம் மட்டும் ஒரு துளிகூடக் குறையவில்லை.

"வர முடியாதுண்ணே. வெள்ளிக்கிழமை பரீட்சை இருக்கு. அதுக்கு முன்னாடி படிக்கணும்."

"என்ன பரீட்சை? அந்தக் கதை பரீட்சையா?"

"அதேதான்."

பிறகு அண்ணன் கடைசியாக வைத்திருந்ததை எடுத்தார். "அன்னிக்கு நான் இல்லேன்னா நீ என்ன ஆகியிருப்பே?"

எத்தனை வருஷமாக இந்தக் கேள்விக்கு அவள் பயந்திருக்கிறாள். வந்தே விட்டது. வந்தபிறகு பார்த்தால் உயிர் ஒன்றும் போகவில்லை.

"ஒண்ணுமில்லாமப் போயிருப்பேன். அதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா வர மாட்டேன். பசங்களை ஃபோன் பண்ணச் சொல்லுங்க, சோறு எப்படி வைக்கிறதுன்னு சொல்லித் தர்றேன். அவனுங்களுக்கு நடக்கக் கத்துக் குடுத்ததும் நான்தான். அடுப்புப் பக்கம் அனுப்பாம விட்டுட்டேன்."

அண்ணன் ஃபோனை வைத்துவிட்டார். அவள் சமையலறையில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கணவர் வந்து தண்ணீர் கொடுத்தார். மறுநாள் ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து அண்ணி திருட்டுத்தனமாக ஃபோன் செய்து ரகசியக் குரலில் சொன்னாள்: "பரீட்சையை விட்டுட்டு இங்க வந்து நின்னே, கம்பி வெச்ச காலாலேயே உதைப்பேன்." பையன்கள் ஃபோன் செய்யவில்லை. ஹோட்டலில் வாங்கித் தின்கிறார்கள் என்று அண்ணியே சொன்னாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. மூலை அறையில் பெஞ்சுகளை வட்டமாகப் போட்டு நடுவில் நாற்காலி. தேர்வாளர் அம்மாள் ஜன்னலோரம் ஃபிளாஸ்க்கும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். வீட்டார் வந்து பின்பெஞ்சில் உட்காரலாம். கணவர் வருவதாகத்தான் இருந்தது. எங்கோ ஒரு கட்டடத்தில் ஆட்களோடு லிஃப்ட் நின்றுவிட்டது, ஓடிவிட்டார்.

அவள் போய் உட்கார்ந்தாள். பல்லைக் கடிக்கவில்லை, கண்ணை உருட்டவில்லை. கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்தாள். முதலில் கேட்டவர்கள் சில்லறைக் கேள்விகள் கேட்டார்கள். கடல் எப்படி இருந்தது, பறவைகள் எத்தனை பெரியவை என்று. பிறகு வக்கீல் எழுந்தாள்.

அந்த நேரத்தில்தான் கதவில் ஒரு நிழல் விழுந்தது. அண்ணன். கடைச் சட்டை, கையில் டயர் கறுப்பு, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். அவளைக் கையோடு அழைத்துப் போக வந்திருக்கிறார் என்பது நின்ற நிலையிலேயே தெரிந்தது. தும்மல் சார் வீட்டார் யாரோ என்று நினைத்து, உதட்டில் விரல் வைத்து, பின்பெஞ்சைக் காட்டினார். வாத்தியார் காட்டிய இடத்தில் உட்கார்ந்துதானே பழக்கம், அண்ணன் போய் ஒடுங்கி உட்கார்ந்துவிட்டார்.

அவளுக்கு எழுந்து ஓடிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஓடினால் சைபர். அண்ணே என்று ஒரு வார்த்தை வாயிலிருந்து வந்தாலும் சைபர். உட்கார்ந்தே இருந்தாள்.

"பொண்ணைக் காப்பாத்தத்தானே படகு எடுத்துட்டுப் போனீங்க?" என்றாள் வக்கீல்.

"ஆமா."

"அப்புறம் ஏன் தள்ளினீங்க?"

"படகு சாஞ்சுது. பயந்துட்டேன்."

"நீங்க குதிச்சிருக்கலாமே?"

"தோணலை." சற்று யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அவ என்னை நம்பி வந்தவ. நம்பி வந்தவங்களைத் தள்ளுறது சுலபம்."

"விரலை ஏன் வெட்டினீங்க?"

"பிடிச்சுக்கிட்டே இருந்தா. விட்டிருந்தா வெட்டியிருக்க மாட்டேன்."

அறையில் யாரோ 'ச்சே' என்றார்கள். வக்கீல் விடவில்லை. "அப்ப தப்பு அவ மேலயா?"

"ரொம்ப நாள் அப்படித்தான் நெனைச்சேன். படகு நிமிர்ந்துச்சு. வீடு வந்து சேந்தேன். சாப்பிட்டேன், படுத்தேன்."

"தூக்கம் வந்துச்சா?"

"நல்லா வந்துச்சு."

தேர்வாளர் அம்மாள் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். மூலையிலிருந்து மெல்லிய குரலில் இன்னொரு பெண் கேட்டாள்: "மன்னிப்பாவது கேட்டீங்களா?"

எல்லோரும் காத்திருந்தார்கள். கேட்டேன் என்று சொன்னால் வகுப்புக்குக் கண் கலங்கும், மார்க்கும் வரும். அவளுக்கு அது வேண்டியிருக்கவில்லை. அந்த அப்பனை அவ்வளவு சுலபத்தில் கரையேற்றிவிட அவள் தயாராக இல்லை.

"கேக்கலை. கேட்டா எனக்குத்தான் மனசு லேசாகும். அவளுக்கு விரல் முளைக்குமா?"

பின்பெஞ்சு கிரீச்சிட்டது. அண்ணன் எழுந்து நின்றிருந்தார். "நான் ஒண்ணு கேக்கலாமா சார்?"

"தாராளமா. அவங்களை அந்த அப்பாவா நெனைச்சுக் கேளுங்க" என்றார் தும்மல் சார். வந்தவர் யாரென்று அவருக்குத் தெரியாது. வகுப்பில் ஒருவருக்கும் தெரியாது.

அண்ணன் கையிலிருந்த கறுப்பைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "அந்தப் பொண்ணுக்கு... அதுவரைக்கும் சோறு போட்டு வளத்தது யாரு? அந்த அப்பன்தானே? அதெல்லாம் கணக்குல வராதா?"

இந்தக் கேள்வியை அவர் தங்கையிடம் கேட்டிருந்தால் அவள் அழுதிருப்பாள். அப்பனிடம் கேட்டார். அப்பன் பதில் சொன்னான்.

"வரும். சோறு போட்டது நிஜம். விரலை வெட்டினதும் நிஜம். ஒண்ணை வெச்சு இன்னொண்ணை அழிக்க முடியாது. நான் முயற்சி பண்ணிப் பாத்தேன்."

அண்ணன் உட்காரவில்லை. "அப்ப அந்தாளு இப்ப என்னதான் செய்யணும்?"

"அவளுக்குத் தலை சீவிக்க விரல் இல்லை. சீப்பை எடுத்துக்கிட்டு நான் கீழ எறங்கிப் போகணும். மேலேருந்து கூப்பிடக் கூடாது, நானே போகணும்."

"போனீங்களா?"

"இன்னும் இல்லை."

"ஏன்?"

"தண்ணி குளிருது."

யாரும் சிரிக்கவில்லை. சார்கூடத் தும்மவில்லை. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, நேரம் முடிந்தது என்று தலையசைத்தார். அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள். வக்கீல் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வாங்கி முழுவதையும் குடித்தாள். மார்க் பிறகு வந்தது, பாஸ்தான், வக்கீலைவிட இரண்டு குறைவு. அதற்கும் சாரிடம் போய் ஏன் என்று கேட்டாள்.

ஐந்து நிமிஷ இடைவேளை விட்டார்கள். வராந்தாவில் அண்ணன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே பள்ளி வாசலில் அவருடைய வண்டி நிற்பது தெரிந்தது. அவள் பக்கத்தில் போய் நின்றாள். அண்ணனுக்கு வயதாகிவிட்டதே என்று இருந்தது. பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது.

"எனக்காகத்தானே அதெல்லாம் சொன்னே?" என்றார்.

"இல்லைண்ணே. மார்க்குக்காகச் சொன்னேன்."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஏதோ பெரிதாகச் சொல்ல வருகிறார் என்று அவள் ஒரு கணம் நினைத்தாள், அதற்காக உள்ளுக்குள் ஏங்கவும் செய்தாள்.

"சரி, பரீட்சைதான் முடிஞ்சுதே" என்றார். "வண்டி கொண்டாந்திருக்கேன். ஏறு. வீட்ல செய்யறதுக்கு யாரும் இல்லை."

"முடியலைண்ணே. மத்தவங்க உக்காரும்போது நான் கேள்வி கேக்கணும். கேக்கிறதுக்கும் மார்க் இருக்கு. திங்கக்கிழமை எழுத்துப் பரீட்சை."

"அப்ப வீட்டை யார் பாக்கிறது?"

"நீங்க இருங்கண்ணே. கடையைச் சாத்திட்டு அண்ணியைப் பாத்துக்குங்க."

"கடையையா?" என்றார் அண்ணன். அப்படி ஒரு வழி இருப்பதையே இப்போதுதான் கேள்விப்படுகிறவர் மாதிரி இருந்தது அவர் முகம்.

"ஆமா, கடையைத்தான். பத்து நாள்தானே."

உள்ளே அடுத்த ஆள் நாற்காலியில் உட்கார்ந்தாயிற்று. தும்மல் சார் கதவருகே வந்து, "அக்கா, வர்றீங்களா?" என்றார். அவள் அண்ணனை வராந்தாவிலேயே விட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்து கையைத் தூக்கினாள்.